ஆயிரம் துகளுக்கு ஒரே வழி

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டர் கல். அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள், நன்றாக உடைந்துவிட்டது என்றார்கள். சில நாளில் முன்பைவிட மோசமான வலி. உடைந்த கல் எப்படி வலிக்கும்?”

கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அன்றே வீடு திரும்பலாம் என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். உடைந்தது எந்த வழியாக வெளியேறும் என்பதைத்தான் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

1 செ.மீ. உருண்டைக் கல்லை 2 மி.மீ. துகள்களாக உடைத்தால், கணக்குப்படி 125 துகள். 2 செ.மீ. கல் என்றால் 1,000. அத்தனையும் இறங்க வேண்டியது 25 முதல் 30 செ.மீ. நீளமும் 3, 4 மி.மீ. உள்ளகலமும் கொண்ட, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் ஒரு குழாய் வழியாக. அதிலும் மூன்று இடங்களில் இடுக்கு. சிறுநீர்ப்பைக்குள் நுழையும் கடைசி இடுக்கருகேதான் பெரும்பாலும் துகள்கள் வரிசைகட்டி நிற்கும்.

ஆனால் குறுகல் மட்டுமே காரணமில்லை. சிறுநீர் அந்தக் குழாயில் தானாக வழிவதில்லை. தலைகீழாக நின்றாலும் பைக்குப் போய்ச் சேரும். நிமிடத்துக்குச் சில தடவை, குழாயின் தசை வளையமாகச் சுருங்க, அந்தச் சுருக்கம் மேலிருந்து கீழே ஓடுகிறது. வளையம் முழுதாக மூடினால்தான் முன்னால் இருக்கும் சிறுநீர் உந்தப்படும். அடைப்பு விழுந்ததும் மேலே சிறுநீர் தேங்கி, குழாய் உப்புகிறது; வலி அதனால்தான். உப்பிய குழாய் சுருங்கினாலும் சுவர்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அழுத்தம் பின்பக்கமாகக் கசிந்துவிடுகிறது. அடைப்பைத் தள்ள வேண்டிய விசையை அடைப்பே முடக்கிவிடுகிறது!

காலையில் ஜொகூர் பாலத்தில் ஒரு லோரி பழுதாகி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மோட்டார் சைக்கிள்கள். லோரியை இழுத்துவிட்டால் எல்லாம் நகரும். இங்கேயும் பல சமயம் 4, 5 மி.மீ. துண்டு ஒன்று முன்னால் நிற்க, மணல் போன்ற துகள்கள் பின்னால் நிற்கும். வித்தியாசம், உடலுக்குள் இருக்கும் பாலத்தில் சாலைதான் வண்டிகளைத் தள்ளுகிறது. நெரிசல் வந்தால் சாலை அகலமாகும். அகலமானதாலேயே தள்ள முடியாமல் போகும். சாலைப் பொறியாளர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு: ஒலியை மிஞ்சும் விமானங்களை மழைத்துளி எப்படிச் சேதப்படுத்துகிறது என்று ஆராய்ந்த ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனத்தின் வேலையிலிருந்து வந்தது இந்த அதிர்வலை. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷாஸி குழுவினர் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். துகள் வரிசைக்கு ‘கல் தெரு’ என்று பெயர் வைத்ததும் ஜெர்மன்காரர்களே.

பெரிய கல்லென்றால் முன்கூட்டியே குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் நெகிழிக் குழலை வைப்பதுண்டு. அது சிறுநீரை வடியவிடும். கல் முழுதாக வெளியேறும் வாய்ப்பை அது கூட்டுவதாகத் தெரியவில்லை. உள்ளே கிடக்கும் அந்தக் குழலே தசையின் அலையை மந்தமாக்குகிறது. 2 செ.மீ.க்கு மேல் போனால் முதுகுப்பக்கம் சிறு துளையிட்டுக் கல்லை எடுப்பதைத்தான் மருத்துவ வழிகாட்டிகள் முதலில் வைக்கின்றன. அதை விளம்பரப்படுத்துவது சிரமம்.

துகள்கள் அடைத்துக்கொண்ட பிறகு, காய்ச்சல் இல்லை, வலி தாங்கும் அளவு, சிறுநீரகம் நன்றாக இயங்குகிறது என்றால் டாம்சுலோசின் மாத்திரையோடு மருத்துவர்கள் காத்திருப்பார்கள். பலருக்குத் தானாக இறங்கிவிடும். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் துண்டுக்கு மறுபடி அதிர்வலை, அல்லது உள்நோக்கியும் லேசரும். குளிர் காய்ச்சல் வந்தால் காத்திருக்கவே கூடாது: சீழ் பிடித்த சிறுநீர் உள்ளே அடைபட்டிருக்கலாம், உடனே வடிக்க வேண்டும். சிலருக்கு அடைப்பு இருந்தும் வலியே வராது. சத்தமில்லாமல் சிறுநீரகம் கெடும். அதனால்தான் வலி போன பிறகும் ஸ்கேனுக்குக் கூப்பிடுகிறார்கள்.