உயிரும் மெய்யும் சேர்வது போல: உடல் அமைக்கும் காவல்

மண்ணோடு வாழும் நமக்கு ஏற்புவலி தெரியாத நோயல்ல. அதன் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. மண்வெட்டியோ, இறப்பர் பால்வெட்டும் கத்தியோ பட்ட காயத்தின் வழியே புகுந்து நஞ்சைக் கக்குகிறது. இதுபோல் எத்தனையோ கிருமிகள் உண்டு. இனித் தோன்றப் போகிறவையும் உண்டு. பூட்டுக்கேற்ற சாவி போல, ஒவ்வொன்றையும் இனங்காண உடலுக்குத் தனித்தனி 'வாங்கி' தேவை. ஆனால் மனிதனின் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. கோடிக்கணக்கான சாவிகள் எங்கிருந்து வருகின்றன?

துண்டுகளைச் சேர்க்கும் கலங்கள்

நம் தமிழில் 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய் எழுத்துக்கள் பிறக்கின்றன அல்லவா? எலும்பு மச்சையில் பிறக்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்களும் இதையே செய்கின்றன. மூன்று வகைப் பரம்பரைத் துண்டுகளில் ஒவ்வொன்றைத் தெரிந்து, இடையிலுள்ளதை வெட்டி நீக்கி ஒட்டிக்கொள்கின்றன. முதல் வகையில் சுமார் 40 துண்டுகள், அடுத்ததில் 23, மூன்றாவதில் 6. பெருக்கினால் 5,500க்கு மேல். இது வாங்கியின் ஒரு பகுதி. மறு பகுதி சுமார் 300 விதமாக அமையும். இரண்டும் இணைந்தால் 16 இலட்சத்தைத் தாண்டும். ஒட்டுமிடத்தில் நேரும் சிறு மாற்றங்களால் எண்ணிக்கை பல கோடியாகிறது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுசுமு தொனேகாவா, துண்டுகள் இவ்வாறு இடம்மாறிச் சேர்வதை 1976இல் காட்டினார். 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

ஊசி ஏன்?

ஒரு கலத்திடம் ஒரு வகைச் சாவிதான். ஆகவே ஒரு நோய்க்குப் பொருந்தும் கலங்கள் மிகச் சிலவே. அவை பெருகப் பல நாட்கள் வேண்டும். ஏற்புவலி அவ்வளவு அவகாசம் தராது. அதன் நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். அந்த அளவு உடலுக்குப் பாடம் கற்பிக்கப் போதாது. எனவே நோய் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி வேண்டும். தீங்கு நீக்கிய நஞ்சை ஊசி உடலுக்குக் காட்டுகிறது. பொருந்திய கலங்கள் பெருகி நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த ஊசிகள் அந்த நினைவை வலுப்படுத்துகின்றன.

இடம்பெயர்ந்தோர் கவனத்திற்கு

2016 மே மாதம் அரநாயக்க, புளத்கொஹுபிட்டிய பகுதிகளில் மண்சரிவு வந்தபோது மக்கள் உடுத்த உடையோடு ஓடினார்கள். இத்தகைய வேளைகளில் பிள்ளையின் சுகாதார அட்டையும் தொலையும், ஊசித் தவணையும் தவறும். 2, 4, 6, 18 மாதங்களிலும் 5 வயதிலும் ஏற்புவலிக்கு எதிரான ஊசி உண்டு. தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதிய இடத்தின் மருத்துவ மாதுவிடம் உடனே சொல்லுங்கள். காயம்பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வீடும் நிலமும் இழந்தாலும், இறைவன் நம் உடலில் வைத்த இக்காவலை இழக்கவில்லை. அதற்குத் தவணை தவறாமல் துணைநிற்பது நம் கடமை.