ஊசி போட்டால் கண் போகுமா?

நீலகிரி மலையின் குந்தாவில் மட்டுமல்ல, சமவெளியிலும் இன்சுலின் என்றதும் “கண் போயிடும்” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வெறும் வதந்தி என்று இதைத் தள்ளிவிட முடியாது. உள்ளே ஒரு துளி உண்மை இருக்கிறது.

விழித்திரையின் ரத்தத் தந்துகிகள் தலைமுடியை விட மெல்லியவை. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் அவற்றின் சுவர் நலிந்து புடைக்கும், கசியும், சில அடைபடும். ரத்தம் கிடைக்காத பகுதி வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வளரவைக்கும். அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். இத்தனையும் வலியில்லாமல் நடக்கும். சங்கர நேத்ராலயா சென்னையில் நடத்திய ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 18 சதவீதத்தினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது.

இப்படி நலிந்த கண்ணோடு இருப்பவருக்குச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், முதல் ஓராண்டில் பாதிப்பு கூடலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் 1983 முதல் 1993 வரை நடந்த டி.சி.சி.டி. ஆய்வு இதை அளந்தது. தீவிர சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கும் இந்த ஆரம்பச் சரிவு தெரிந்தது. இரு தரப்பும் போட்டுக்கொண்டது இன்சுலின்தான். கட்டுப்பாட்டின் இறுக்கம்தான் வேறு. ஆண்டுகள் போகப் போகக் கணக்கு தலைகீழானது. தீவிர சிகிச்சையால் விழித்திரை நோய் புதிதாக வருவது 76 சதவீதமும், இருந்த நோய் முற்றுவது 54 சதவீதமும் குறைந்தன.

ஆகவே பழி ஊசி மேல் இல்லை. பல வருடம் ஊசியைத் தள்ளிப்போட்டு, கண் கெட்ட பிறகு வேறு வழியின்றிப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்துத்தான் ஊர் இப்படிப் பேசுகிறது. விழித்திரையைப் பார்க்காமலேயே ஊசியைத் தொடங்குவதுதான் தவறு. பாதிப்பு தெரிந்தால் லேசரோ கண்ணுக்குள் போடும் மருந்தோ இருக்கிறது. சர்க்கரையை எவ்வளவு வேகமாக இறக்கலாம் என்பதையும் மருத்துவர் முடிவு செய்வார்.

ஊசி தொடங்கிய முதல் வாரங்களில் பார்வை மங்குவது வேறு சமாச்சாரம். சர்க்கரை இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறுவதால் வருவது. பெரும்பாலும் தானாகச் சரியாகும். அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கினால் காசுதான் வீண். மங்கல் நீடித்தாலோ, கண்ணில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

குந்தாக்காரர்களுக்கு இன்னும் இரண்டு. அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும் மாதங்களில் இன்சுலினை உறையவிடாதீர்கள். உறைந்தது மறுபடி உருகினாலும் உதவாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்த பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எதுவும் தெளியாது. அன்றைக்கு மஞ்சூர் மலைச்சாலையில் நீங்களே வண்டி ஓட்டித் திரும்பாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.