உருமாறி உயிர்வாழும் ஒரு கதை

நம் தமிழ்ச் சங்கத்தில் ஆண்டுதோறும் தலைவர் மாறுகிறார், செயலாளர் மாறுகிறார். முதுகலை மாணவர் இரண்டாண்டில் விடைபெற்றுச் செல்ல, அவர் இருந்த விடுதி அறைக்கு வேறொருவர் பெட்டி படுக்கையுடன் வந்து சேருகிறார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பழைய முகங்களுள் ஒன்றுகூட இராது. எனினும் சங்கம் அதே சங்கம்தான் என்று சொல்லுகிறோம். எதை வைத்து அப்படிச் சொல்லுகிறோம்?

இந்த வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது தத்துவ நூல் அன்று. ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர். 'டாக்டர் ஹூ' என்பது அதன் பெயர். ஆய்வுக்கூடத்து வேலை முடிந்த இரவுகளில் விடுதி அறையில் இருந்தவாறே அதன் கதைகளைப் பார்த்து வந்தேன். விஞ்ஞானக் கற்பனைத் தொடர்கள் பல தோன்றின. சில ஆண்டுகளில் மறைந்தன. 1963-இல் தொடங்கிய இத்தொடரோ, நடுவே நெடுங்காலம் உறங்கியும், 2025-இல் புதிய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது வளர்ந்த வரலாற்றை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பு

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள். உலகமே அத்துயரச் செய்தியில் ஆழ்ந்திருந்த வேளையில் 'டாக்டர் ஹூ'வின் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று எண்ணிய பி.பி.சி. நிறுவனம், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதற்பகுதியை மீண்டும் ஒருமுறை காட்டிற்று.

அதைத் தோற்றுவித்தவர்கள் யார்? நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் கனடா நாட்டவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட் 27 வயதுப் பெண். முதற்கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசேன் 24 வயது இளைஞர், லக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹொசைனின் மகன். அயல்நாட்டவர் ஒருவர், பெண் ஒருவர், இந்தியர் ஒருவர். ஆங்கிலேய ஆடவரே நிறைந்திருந்த ஒரு நிறுவனத்தில் இம்மூவரும் சேர்ந்து இத்தொடரை உருவாக்கினர். அந்த இருவரின் வயதும் ஏறக்குறைய நம் வயதுதான் என்பதை நண்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கதை எளியது. லண்டன் பள்ளியொன்றில் படிக்கும் மாணவியின் அறிவு இரண்டு ஆசிரியர்களைத் திகைக்க வைக்கிறது. அவள் வீடு எங்கே என்று பின்தொடர்ந்து செல்கின்றனர். பழைய சாமான்கள் கிடக்கும் முற்றத்தில் ஒரு நீலநிறப் போலீஸ் பெட்டி நிற்கிறது. அக்காலத்து லண்டன் தெருக்களில், அவசர வேளையில் காவலரை அழைப்பதற்கெனத் தொலைபேசியுடன் நின்ற பெட்டி அது. உள்ளே நுழைந்தால் பெரியதொரு கூடம்! வெளியே சிறிது, உள்ளே பெரிது. காலத்திலும் வெளியிலும் செல்லவல்ல அந்த ஊர்தியின் பெயர் 'டார்டிஸ்'. அதன் உடைமையாளர் முன்கோபமுள்ள ஒரு முதியவர்; அந்த மாணவியின் பாட்டனார். பெயர் சொல்ல மாட்டார். 'டாக்டர்' என்றே அழைக்க வேண்டும். டாக்டர் என்றால் யார்? அந்த வினாவே தொடரின் தலைப்பாயிற்று.

ஆசிரியர் இருவருள் ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர். மற்றவர் சரித்திரம் கற்பிப்பவர். எதிர்காலத்துக்குச் சென்றால் விஞ்ஞானமும் கடந்த காலத்துக்குச் சென்றால் சரித்திரமும் சிறுவர்க்குப் புகட்டலாம் என்பது திட்டம். விகாரக் கண்ணுடைய பூதங்கள் எதுவும் வரக்கூடாது என்பது நியூமனின் கட்டளை.

அக்கட்டளை ஒரு மாதங்கூட நிற்கவில்லை. 1963 டிசம்பரிலேயே டெரி நேஷன் எழுதிய இரண்டாம் கதையில் 'டாலெக்' என்னும் பகைவர் தோன்றினர். அணுப்போரால் உருச்சிதைந்து, இரும்புக் கூட்டுக்குள் அடைந்து, தம்மைப் போலில்லாத அனைத்தையும் அழிக்கப் புறப்பட்ட இனம் அது. உடைக்குள் மனிதன் இருப்பது தெரியக்கூடாதென்று, கால்களே இல்லாமல் தரையில் வழுக்கிச் செல்லும் வடிவத்தை ரேமண்ட் கியூசிக் அமைத்துக் கொடுத்தார். நியூமன் சினந்தார், லாம்பெர்ட் விட்டுக்கொடுக்கவில்லை. அக்கதை முடிவதற்குள் பார்ப்போர் தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்த நாடு அது. டாலெக்குகளின் குரலில் பெற்றோர் ஹிட்லரின் படையைக் கேட்டனர். பிள்ளைகள் வேடிக்கைப் பேயைக் கேட்டனர்.

வறுமையே இத்தொடருக்கு வழிகாட்டி என்று கூறின் மிகையாகாது. இடத்துக்கு ஏற்ப உருவை மாற்றிக்கொள்வது டார்டிஸின் இயல்பு எனக் கதை வகுத்தனர். வாரந்தோறும் புதிய உருவம் செய்யப் பணம் ஏது? ஆகவே, அக்கருவி பழுதாகிப் போலீஸ் பெட்டி உருவிலேயே நின்றுவிட்டது என்று எழுதினர். அந்தப் பழுதே தொடரின் அடையாளமாயிற்று. ஊர்தி கிளம்பும் ஓசைக்குப் பிரயன் ஹாட்ஜ்சன் செய்தது யாது? பழைய பியானோவின் கம்பியின்மேல் வீட்டுச் சாவியைத் தேய்த்தார். முகப்பிசையை ரான் கிரெயினர் எழுத, கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற டெலியா டெர்பிஷயர் அதற்கு ஒலி கொடுத்தார். இசைக்கருவி வாசிப்போர் குழு இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டிச் சேர்த்த உழைப்பு அது. அவருடைய பெயர் அவ்விசைக்காகத் தொடரின் திரையில் இடம்பெற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முகம் மாறிய நாள்

1966-ஆம் ஆண்டு. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியது. வசனங்களை நினைவில் வைப்பதும் அவருக்குக் கடினமாயிற்று. கதாநாயகன் விலகினால் தொடரை முடித்துவிடுவது உலக வழக்கம். அல்லது அவரைப் போன்ற சாயலுடைய ஒருவரைக் கொண்டுவந்து, ஒன்றும் நடவாதது போல் நடத்த வேண்டும். அப்போது தயாரிப்பாளராக இருந்த இன்னஸ் லாய்டும் அவருடைய குழுவினரும் மூன்றாவது வழியொன்று கண்டனர். டாக்டர் மனிதர் அல்லர், வேற்றுலகத்தவர். உடல் தேய்ந்தபொழுது அவர் வேறு உடல் எடுப்பார்! அக்டோபர் 29-ஆம் நாள், முதியவரான ஹார்ட்னெல் தரையில் விழுந்தார். முகம் ஒளியில் மறைந்தது. பேட்ரிக் டிரௌட்டன் கண்விழித்தார். புதியவர் பழையவரைப் போல நடிக்க முயலவில்லை. முன்னவர் கண்டிப்பான பாட்டனார். இவர் குழலூதும் கோமாளி. ஆயினும் இருவரும் ஒருவரே என்பதை மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

அந்தக் கதையின் பெயர் 'பத்தாவது கிரகம்'. அதில் மற்றொரு செய்தியும் உண்டு. அக்கதையில்தான் 'சைபர்மென்' என்னும் இனம் முதன்முதலில் தோன்றிற்று. அதைப் படைத்தவருள் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ விஞ்ஞானி. பழுதான உறுப்புக்கு மாற்று உறுப்புப் பொருத்தும் கலை வளர்ந்துகொண்டே போனால் முடிவு என்ன என்று அவர் அஞ்சினார். கையை மாற்றி, காலை மாற்றி, நெஞ்சை மாற்றி, கடைசியில் உணர்ச்சிகளையும் பலவீனம் என்று களைந்துவிட்ட மனிதரே சைபர்மென்.

ஒரே கதையில் இரண்டு மாற்றங்கள். இருவருமே பழைய உடலை இழந்தவர்தாம். சைபர்மென் உயிரோடு இருக்கின்றனர். ஆனால் பழைய மனிதர் அல்லர். டாக்டருக்கோ முகம், குரல், நடை அனைத்தும் போயின. நினைவும் இரக்கமும் போகவில்லை. ஆகவே அவர் டாக்டரே. உயிரியலும் இதற்கு ஓரளவு சான்று கூறும். நம் இரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கிறது. சென்ற ஆண்டு நம் உடலில் ஓடிய சிவப்பணுக்கள் இன்று இல்லை, நாம் இருக்கிறோம்.

இதைப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி, இரவில் சப்பாத்தி என்று நாட்கள் செல்கின்றன. விடுமுறையில் ஊருக்குப் போனால், "நீ முன்னைப் போல இல்லை" என்கிறார் அம்மா. நான் எந்த வகையில் மாறிவருகிறேன்? டாக்டரைப் போலவா, சைபர்மென்னைப் போலவா? என் அம்மாவின் கேள்விக்கு உண்மையான பொருள் அதுதான் என்று தோன்றிற்று.

அழிந்ததும் பிழைத்ததும்

முகம் மாறிய அந்தப் பகுதியை இன்று முழுமையாகப் பார்க்கலாம் என்று எண்ணுவீர்கள். இயலாது! அது அழிந்துவிட்டது. முகம் மாறும் சில விநாடிகள் மட்டும், பின்னாளில் சிறுவர் நிகழ்ச்சியொன்றில் எடுத்துக் காட்டப்பட்டமையால் பிழைத்தன.

1967 முதல் 1978 வரை பி.பி.சி. தன் பழைய நாடாக்களைத் துடைத்துப் புதிய நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது, படச்சுருள்களையும் அகற்றியது. நாடாவின் விலை அதிகம். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் தடையாக இருந்தது. வீட்டில் போட்டுப் பார்க்கும் காலம் வருமென்று எவரும் நினைக்கவில்லை. தீய எண்ணம் ஏதுமில்லை. 'இதை யார் கேட்கப் போகிறார்கள்?' என்ற எண்ணமே காரணம். வாரிஸ் ஹுசேன் பெரும்பகுதியை இயக்கிய 'மார்க்கோ போலோ' கதையின் ஏழு பகுதிகளும் இவ்வாறு மறைந்தன.

காத்தவர்கள் யார்? வீட்டிலிருந்து பார்த்த இரசிகர்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சிலர் ஒலியை மட்டும் பதிந்து வைத்தனர். அதனால், படம் மறைந்த பகுதிகள் அனைத்துக்கும் ஒலி கிடைத்திருக்கிறது. வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளும் சில திரும்பி வந்தன. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கண்டெடுத்த ஒன்பது பகுதிகள் வெளியாயின. தாயகத்தில் அழிந்தது அயல்நாட்டு அலமாரியில் பிழைத்திருந்தது! அதன் பின்னும் காணாமற்போனவை 97.

உறக்கமும் விழிப்பும்

தொடர் மேலும் உருமாறியது. டாக்டரின் இனத்தார் 'காலத்தின் தலைவர்கள்' என்பது 1969-இல்தான் கதையில் வெளியாயிற்று. 1970-இல் வண்ணம் வந்தது. ஜான் பெர்ட்வீ மூன்றாம் டாக்டரானார். 1974 முதல் 1981 வரை, நீண்ட கழுத்துத்துணி அணிந்த டாம் பேக்கர் ஏழாண்டு நடித்துப் பெரும்புகழ் பெற்றார். இவ்வுருமாற்றத்துக்கு இன்று வழங்கும் பெயரே 1974-இல்தான் சூட்டப்பட்டது. பன்னிரண்டு முறைக்குமேல் உருமாற இயலாது என 1976-இல் ஒரு விதி எழுதினர். 2013-இல் அந்த எல்லை வந்தபொழுது புதிய ஆயுளொன்றை வழங்கிவிட்டனர். விதியைவிடக் கதை பெரிதன்றோ!

1980-களில் பார்ப்போர் குறைந்தனர். 1985-இல் தொடர் 18 மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1989 டிசம்பரில் நின்றே போயிற்று. 1996-இல் வந்த ஒரு திரைப்படம் தவிர, 2005 வரை தொலைக்காட்சியில் புதிய கதை இல்லை. ஆனால் இரசிகர்கள் ஓயவில்லை. நாவல்கள் எழுதினர், ஒலி நாடகங்கள் செய்தனர். அப்படி நாவல் எழுதியவருள் ஒருவரான ரஸ்ஸல் டி டேவிஸ்தான் 2005-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரிலிருந்து தொடரை உயிர்ப்பித்தார். 1974-இல் பள்ளிச் சிறுவனாக வானொலிப் பத்திரிகைக்கு இத்தொடரைப் பாராட்டிக் கடிதம் எழுதிய பீட்டர் கப்பால்டி, பின்னாளில் தாமே டாக்டராக நடித்தார்.

2017-இல் ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டரானார். பின்னர், ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி காட்வா 2025 மே வரை அவ்வேடம் ஏற்றார். அவ்வாண்டில் அவருடைய துணைவராக நடித்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர்.

நாம் அனைவரும் காண வேண்டிய பகுதியொன்று உண்டு. வினய் பட்டேல் எழுதி 2018 நவம்பரில் வந்த பஞ்சாப் கதை அது. 1947 ஆகஸ்டு, நாடு துண்டாகும் வேளை. ஓர் இந்து இளைஞனுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் திருமணம். வேற்றுலகத்தார் இருவர் அங்கே உலவுகின்றனர். அவர்களே கொலைகாரர் என ஐயுறுகிறோம். இறுதியில் உண்மை தெரிகிறது. கொல்பவர் அண்டை வீட்டாரும் உடன்பிறந்தவரும். வேற்றுலகத்தார் வந்தது, தனியே சாவோரின் அருகில் நின்று அவர்களை நினைவில் வைப்பதற்காகவே. சரித்திரத்தை உள்ளபடி காட்ட வேண்டும் என்று 1963-இல் வகுத்த நோக்கம், 55 ஆண்டுகள் கழித்து நம் நாட்டுத் துயரத்தில் நிறைவேறிற்று.

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். விரைந்து செல்வோர்க்குக் காலம் மெதுவாக ஓடும் என்பது சோதனையில் கண்ட உண்மை. ஆகவே எதிர்காலத்தை நோக்கிய பயணம் ஓரளவு பொருந்தும். கடந்த காலத்துக்குத் திரும்பிச் செல்ல இதுவரை வழி எதுவும் காணோம். நமக்கு வாய்த்துள்ள கால ஊர்தி, எழுதி வைத்த ஏடும் பதிந்து வைத்த ஒலியுமே.

இனி, தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். முகங்கள் அனைத்தும் மாறியும் நம் சங்கம் அதே சங்கமாக இருப்பது அது நினைவில் வைத்திருப்பவற்றால்தான். அந்த நினைவு எங்கே உள்ளது? சென்ற மாதம் சங்கத்து அலமாரியைத் திறந்து இம்மலரின் பழைய இதழ்களைத் தேடினேன். நான்கு இதழ்களே கிடைத்தன. ஒன்றில் அட்டையும் இல்லை. எவரும் வேண்டுமென்று எறிந்திருக்க மாட்டார்கள். 'இதை யார் கேட்கப் போகிறார்கள்?' என்று எண்ணியிருப்பார்கள்.

ஆகவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் பெட்டியின் அடியிலோ, முன்னாள் மாணவராகிய அண்ணன் அக்காவிடமோ பழைய இதழ் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். இந்த ஆண்டு விடைபெறுவோர் இவ்விதழில் ஒரு பிரதியை அலமாரியில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். வரப்போகும் புதிய முகங்கள் நம்மைத் தேடக்கூடும்.