பாக்கும் ஊமத்தையும் சந்திக்கும் இடம்

பழக்கமில்லாதவர் வெற்றிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பச்சைப்பாக்கை மென்றால் சற்று நேரத்தில் தலை கிறுகிறுக்கும், நெற்றி வியர்க்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். ஊமத்தங்காயைத் தின்றுவிட்டவருக்கோ எல்லாம் நேர்மாறு. நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். வியர்வை நின்று உடம்பு அனலாய்க் கொதிக்கும். கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும். எதிரில் இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்கிவிடுவார்.

இந்த எதிர்மறைப் பொருத்தம் தற்செயலானதல்ல. இரண்டின் சரக்கும் போய்ச் சேர்வது மஸ்கரினிக் ஏற்பி என்ற ஒரே புரத வகையில்தான். அசிடைல்கோலின் என்ற நரம்புத் தூதுப்பொருள் வந்து அமர்வதற்காக நம் உடல் வைத்திருக்கும் இடம் அது. பாக்கின் அரிகோலின் அங்கே அமர்ந்து, அசிடைல்கோலினைப் போலவே ஏற்பியை இயக்கிவிடுகிறது. ஊமத்தையின் அட்ரோபினும் ஸ்கோபாலமைனும் அமர்ந்து இயக்காமல் அடைத்துக்கொள்கின்றன. நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதிகளில் இந்த ஏற்பிகள் மிகுதி. ஊமத்தை விஷம் ஏறியவர் தெளிந்தபின், நடந்தது எதுவும் நினைவில்லை என்பது இதனால்தான்.

ஏற்பியின் பெயரே ஒரு நச்சுக்காளானிலிருந்து வந்தது. அசிடைல்கோலினின் செயல்களில் ஒருவகை காளானின் மஸ்கரினையும், மற்றொரு வகை புகையிலையின் நிகோடினையும் ஒத்திருப்பதை 1914-இல் ஹென்றி டேல் பிரித்துக் காட்டினார். 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு, நரம்பு தன் கட்டளையை ரசாயனமாகவே அனுப்புகிறது என்று நிறுவினார். இருவரும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அடைப்பதும் மருந்தாகும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் குடித்தவரின் உடலில் அசிடைல்கோலின் அழியாமல் பெருகி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அப்போது உயிர் காக்க மருத்துவர்கள் ஏற்றுவது அட்ரோபினைத்தான்.

என்னை மிகவும் வியக்கவைப்பது அண்மைச் செய்தி. அரிகோலினின் வடிவை மாற்றி உருவாக்கிய சானோமெலின், 1990-களில் அல்சைமர் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது அவர்களின் பிரமைகளைக் குறைத்தது. ஆனால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் தாங்க முடியவில்லை. மருந்து கிடப்பில் போடப்பட்டது. பிறகு வந்த யோசனை எளிமையானது, அழகானது. மூளைக்குள் நுழையாத ட்ரோஸ்பியத்தை உடன் சேர்த்தார்கள். அது வயிறு, குடல் ஆகியவற்றில் உள்ள ஏற்பிகளை அடைத்துவிட, சானோமெலின் பெரும்பாலும் மூளையில் வேலை செய்தது. ட்ரோஸ்பியமோ அட்ரோபினின் வேதிக் குடும்பம். பாக்கின் வாரிசும் ஊமத்தையின் உறவும் ஒரே குளிகையில்! பிரமைகள் தோன்றும் மனச்சிதைவு நோய்க்கு இந்தக் கூட்டுமருந்தை அமெரிக்கா 2024 செப்டம்பரில் அனுமதித்தது. 1950-களிலிருந்து வந்த மருந்துகள் டோபமின் என்ற மற்றொரு நரம்புத் தூதுப்பொருளின் ஏற்பியையே குறிவைத்தன. இது அதைத் தொடுவதில்லை.

இதைப் படித்துவிட்டுப் பாக்கு மூளைக்கு நல்லது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த உண்மை. ஊமத்தையில் விஷத்தின் அளவு செடிக்குச் செடி மாறும். அதனால் கைவைத்தியத்துக்கு அதை உள்ளே கொடுக்காதீர்கள். குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.