முதலில் ஒலி, பிறகு ஒளி

வீடியோ பாட்காஸ்ட் என்பது நீண்ட உரையாடல் ஒன்றைப் பேசுபவர்களின் முகம் தெரியும்படி பதிவுசெய்து, தொடராக வெளியிடுவது. தொலைக்காட்சிப் பேட்டியிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. விளம்பர இடைவேளைக்காகப் பேச்சை நறுக்க வேண்டியதில்லை. பொருளுக்கு ஒன்றரை மணி நேரம் தேவையென்றால் ஒன்றரை மணி நேரமும் பேசலாம். இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது. இதைப் பார்ப்பவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. காய் நறுக்கிக்கொண்டும், பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டும், துணி மடித்துக்கொண்டும் கேட்கிறார். யாராவது சிரிக்கும்போதோ குரல் தழுதழுக்கும்போதோ மட்டும் திரும்பிப் பார்க்கிறார். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் குறையில்லாமல் விளங்கும் பேச்சை முதலில் பதிவுசெய்து, அதற்குப் படத்தைத் துணையாக்குவதே சரியான வரிசை. புதிதாகத் தொடங்குவோர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையிலுள்ள பணம் முழுவதும் கேமராவுக்குப் போய்விடுகிறது. ஒலி கடைசியில் நினைவுக்கு வருகிறது.

பாட்காஸ்ட் ஒலிவடிவில்தான் பிறந்தது. இணையத்தில் புதிதாக வருவதைத் தானாகவே கொண்டுவந்து சேர்க்கும் ஆர்எஸ்எஸ் முறையில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்பும் வசதியை டேவ் வைனர் 2000இன் இறுதியில் சேர்த்தார். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்ததும் அது பரவலானது. அமெரிக்காவில் ஜோ ரோகன் 2009 டிசம்பரில் ஒரு வெப்கேம் முன்னால் உட்கார்ந்து நேரலையாகத் தொடங்கிய நிகழ்ச்சி, முகம் காட்டிப் பேசும் வடிவத்துக்குப் பெரிய முன்மாதிரியாக வளர்ந்தது. மாதந்தோறும் 100 கோடிக்கும் மேற்பட்டோர் தன் தளத்தில் பாட்காஸ்ட் பார்ப்பதாக யூடியூப் 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

எதைப் பற்றிப் பேசுவது என்பது முதல் கேள்வி. "எல்லாவற்றையும் பற்றி" என்ற பதிலோடு தொடங்கும் நிகழ்ச்சி, ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு மட்டுமே நிலைக்கும். அறிமுகமில்லாத ஒருவரின் நிகழ்ச்சியை யாரும் அவருக்காகத் தேடி வருவதில்லை, பொருளுக்காகவே வருகிறார்கள். நெல் ரகங்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வேலைத்தேடல், பழைய திரையரங்குகள், நீரிழிவோடு வாழ்தல் என்று பொருள் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் தவறில்லை. தேர்ந்தெடுத்த பொருளில் 20 எபிசோடுகளுக்கான தலைப்புகளை ஒரே உட்காரலில் எழுத முடிகிறதா என்று பார்க்கலாம். ஏழெட்டிலேயே பேனா நின்றுவிட்டால், பொருள் குறுகலாக இருக்கிறது என்பதைவிட, அதில் தொகுப்பாளருக்குப் போதிய ஈடுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். தனியாகப் பேசுவதா, இருவர் பேசுவதா, ஒவ்வொரு முறையும் ஒரு விருந்தினரை அழைப்பதா என்பதையும் இப்போதே முடிவுசெய்துகொள்வது நல்லது. மைக், இடம், வெளிச்சம் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். ஒருவர் கேட்க மற்றவர் சொல்லும் அமைப்புதான் தொடக்கத்துக்கு எளியது.

அடுத்தது அறை. நம் வீடுகள் பெரும்பாலும் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருப்பவை. பேசும் சொல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து மைக்கில் மறுபடியும் விழும். அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினால் போதும், ஓசை சட்டென்று நிற்கிறதா, இழுத்துக்கொண்டு போகிறதா என்று காது சொல்லிவிடும். இழுத்தால் தரையில் சமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, பேசுபவருக்கு எதிரேயுள்ள சுவரில் மெத்தையைச் சாய்த்து வைக்கலாம். கேமராவுக்குப் பின்னால் இருப்பதால் அது படத்தில் தெரியாது. சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். மெல்லிய அட்டை, பேச்சொலியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அந்த வேலைக்குத் தடிமனும் மென்மையும் வேண்டும். பஞ்சு மெத்தையில் அவை இரண்டும் உள்ளன.

மின்விசிறி இன்னொரு சிக்கல். அதன் இரைச்சலோடு காற்றும் மைக்கில் மோதும். சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் விருந்தினரின் கவனம் நெற்றி வியர்வைக்குப் போய்விடும். ஏசி இருந்தால் முன்கூட்டியே அறையைக் குளிரவைத்து, பதிவின்போது நிறுத்தி, இடையில் ஒருமுறை மீண்டும் போடலாம். இல்லையென்றால் அதிகாலைதான் சிறந்த நேரம். தெருவும் அப்போது அடங்கியிருக்கும். மின்வெட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய வகை இன்வெர்ட்டரில் ஓடும் கருவிகளின் வழியாக ஒரு ரீங்காரம் பதிவில் ஏறக்கூடும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி அதன் பேட்டரியிலேயே ஓடவிடுவது பாதுகாப்பானது.

மைக்கைப் பொறுத்தவரை விலையைவிடத் தூரமே பெரிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேரடியாக வந்து சேரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. ஆனால் அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தள்ளி வைத்த விலையுயர்ந்த மைக்கைவிட, அருகில் வைத்த சாதாரண மைக் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். சட்டையில் குத்தும் காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் பொருத்த வேண்டும். பட்டுப்புடவையின் சரசரப்பும் தாலிச்சங்கிலியின் உரசலும் படாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வயர் உள்ள காலர் மைக் ஆயிரம் ரூபாயையொட்டிய விலையிலேயே கிடைக்கிறது. மேசையில் வைக்கும் மைக்குகளில் கண்டன்சர் வகை நுணுக்கமானது. அடுத்த வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டைனமிக் வகை அருகிலுள்ள குரலை மட்டுமே நன்றாக வாங்கும். ஒலித்தடுப்பு இல்லாத வீட்டு அறைக்கு டைனமிக்தான் ஏற்றது. மேடைக் கச்சேரிகளில் காணப்படும் ஷூர் எஸ்எம்58, 1966 முதல் தயாராகிவரும் அவ்வகை மைக்தான்.

ஆளுக்கு ஒரு மைக் கட்டாயம். இருவர் குரலையும் தனித்தனித் தடத்தில் பதிந்தால்தான், ஒருவர் இருமும்போது மற்றவர் பேச்சைக் கெடுக்காமல் இருமலை மட்டும் நீக்க முடியும். ஒலியளவுக் காட்டி, உரத்துப் பேசும்போதும் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி பிளந்துவிடும். பிளந்த ஒலியைப் பின்னால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. பதிவு முழுவதும் ஒருவராவது ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேமராவுக்குக் கையிலுள்ள ஸ்மார்ட்போனே போதும். முன்பக்கக் கேமராவைவிடப் பின்பக்கக் கேமரா தரமானது. போனைக் கிடைமட்டமாக, பேசுபவரின் கண்மட்டத்தில், முக்காலியில் நிறுத்தி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கையசைக்கும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் உரையாடலின் நெகிழ்ச்சியான இடத்தில் ஏதாவது ஒரு கடன் அட்டை அழைப்பு வந்து பதிவைக் குலைக்கும். ஒரே ஒரு போன் வைத்திருப்பவருக்கு ஒரு நல்ல வழி உண்டு. இருவரும் தெரியும்படி 4கே தரத்தில் எடுத்து, 1080பி தரத்தில் வெளியிடலாம். 4கே படத்தில் நான்கு மடங்கு புள்ளிகள் இருப்பதால், எடிட்டிங்கில் ஒவ்வொருவரையும் தனியாகப் பெரிதாக்கிக் காட்டினாலும் தெளிவு குறையாது. பார்ப்பவருக்கு மூன்று கேமரா வைத்தது போலவே இருக்கும். இடம்தான் அதிகம் பிடிக்கும். 4கே பதிவு நிமிடத்துக்கு 170 எம்பிக்கு மேலும் போகக்கூடும் என்பதால், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தனிக் கேமரா வாங்குவோர், அது தொடர்ந்து எவ்வளவு நேரம் பதியும் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆர்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். 30 நிமிடத்தைத் தொட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது வீடியோ கேமராவாகக் கருதப்பட்டு அக்காலத்தில் வரி கூடியது என்பதால் தயாரிப்பாளர்களே வைத்த வரம்பு அது.

வெளிச்சத்துக்கு ஜன்னலே போதும், அது பேசுபவரின் முன்பக்கம் சற்றுச் சாய்வாக இருக்குமானால். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டுபோகும். பகல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பைக் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறத்திலும் மறுபாதி வேறு நிறத்திலும் தெரியும். இரவில் டியூப்லைட் அல்லது மலிவான எல்இடி விளக்கில் எடுக்கும்போது படத்தில் கருப்புப் பட்டைகள் ஊர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. இவ்வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமராவின் ஷட்டர் வேகம் அந்தத் துடிப்போடு பொருந்தாதபோது பட்டைகள் தெரிகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்து, நொடிக்கு 25 சட்டகங்கள் என்று எடுத்தால் அவை மறைந்துவிடும்.

பதிவு தொடங்கியதும் கேமரா முன் ஒருமுறை கைதட்ட வேண்டும். தனியாகப் பதியும் ஒலியையும் படத்தையும் பின்னர் அந்தத் தட்டலை வைத்துத்தான் பொருத்துவார்கள்.

கருவிகள் இவ்வளவுதான். உரையாடலுக்கு வேறு பயிற்சி வேண்டும். ஒருவர் பேசும்போது 'ம்' கொட்டிக்கொண்டே கேட்பது நம் பேச்சில் மரியாதை. பதிவில் அது ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் விழும் கீறல். தொகுப்பாளர் தலையசைத்துக் கேட்கப் பழக வேண்டும். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைவிட, "அன்றைக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வி நிறையப் பேசவைக்கும். விருந்தினரிடம் பேசப்போகும் பகுதிகளை முன்பே சொல்லலாம், கேள்விகளை வரிவரியாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மனப்பாடம் செய்த பதில் வரும். பெயரும் ஊரும் பதவியும் சரியா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும், வெளியிடுவதற்கான ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் பதிவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். திரையில் மட்டும் தெரியும் ஒன்றைப் பற்றிப் பேசினால் அதை ஒரு வாக்கியத்தில் விவரிக்க வேண்டும். "இதைப் பாருங்கள்" என்பது கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு எதையும் தராது.

விருந்தினர் வெளியூரில் இருந்தால் இணைய அழைப்பின் பதிவை நம்பாமல், அவரவர் கருவியிலேயே குரலையும் முகத்தையும் பதிந்து பின்னர் சேர்க்க வேண்டும். ரிவர்சைடு போன்ற சேவைகள் இதைத் தானாகச் செய்கின்றன. விருந்தினர் தன் போனிலேயே பதிந்து அனுப்பினாலும் போதும். இருபுறமும் ஹெட்போன் இல்லாவிட்டால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் திரும்ப விழும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பும், ஒலிக்கு மட்டும் என்றால் ஆடாசிட்டியும் தாராளமாகப் போதும். எல்லா மௌனத்தையும் வெட்டிவிடுவது இப்போது வழக்கமாகிவருகிறது. ஒருவர் பதில் சொல்லுமுன் யோசிக்கும் இரண்டு நொடி, பதிலின் ஒரு பகுதி. அதை விட்டுவைக்க வேண்டும். வெட்ட வேண்டியது தொடக்கத்து வணக்கங்களையும் நீளமான அறிமுகத்தையும்தான். ஒலியின் ஒட்டுமொத்த உரப்பை யூடியூபுக்கு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவை ஒட்டி வைப்பது நல்லது. அதைவிட உரத்ததைத் தளமே குறைத்துவிடும், மெல்லியதை உயர்த்தாது. அதனால் சன்னமாகப் பதிந்த நிகழ்ச்சி சன்னமாகவே ஒலிக்கும்.

முதலில் எடுக்கும் எபிசோடை வெளியிடாமல் சோதனையாக வைத்துக்கொண்டு, அடுத்த மூன்றைத் தயாராக்கிய பிறகு தொடங்கினால் வாரந்தோறும் திணற வேண்டியிருக்காது. தொலைபேசி எண் சரிபார்க்கப்படாத யூடியூப் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் வீடியோ ஏற்ற முடியாது. வெளியீட்டு நாளுக்கு முன்பே அந்தச் சரிபார்ப்பை முடித்துவிட வேண்டும். எபிசோடுகளை ஒரு பிளேலிஸ்ட்டாக்கி, அதைப் பாட்காஸ்ட் என்று யூடியூப் ஸ்டுடியோவில் குறித்து, சதுர முகப்புப் படம் சேர்க்க வேண்டும். விளக்கக் குறிப்பில் 00:00 முதல் குறைந்தது மூன்று நேரக்குறிகளை வரிசையாகக் கொடுத்தால், காணொளி அத்தியாயங்களாகப் பிரிந்து தெரியும். ஒலியை மட்டும் தனியே எடுத்து ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஆகியவற்றிலும் போடலாம். முதலில் ஒலியைச் சரியாகச் செய்தவருக்கு இது சிறு வேலை.

சினிமாப் பாடலைப் பின்னணியில் ஓடவிடக் கூடாது. பத்து நொடிக்குள் என்றால் பயன்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை, சில நொடி இசையையும் அடையாளம் கண்டு வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும் அல்லது காணொளியையே முடக்கிவிடும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் கட்டணமில்லா இசை கிடைக்கிறது.

விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீண்ட உரையாடல்களுக்கு இரண்டாவது நிபந்தனை எளிது, முதலாவதுதான் நாளெடுக்கும். அதுவரை கவனிக்க வேண்டியது, பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்று காட்டும் வரைகோடு. முதல் அரை நிமிடத்தில் அது செங்குத்தாக இறங்கினால் அறிமுகத்தைக் குறைக்க வேண்டும். நடுவில் எங்கேனும் மேடாக எழுந்தால், அந்த இடத்தைப் பலர் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அதையே நெடுக்குவாக்கில் வெட்டி, மூன்று நிமிடத்துக்குள் ஷார்ட்ஸாகப் போட்டு, முழு எபிசோடோடு இணைத்துவிடலாம்.