தகரக் கூரையும் ஸ்மார்ட் போர்டும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதியில் அவிசாவளையைத் தாண்டினால் எஹலியகொட. டவுனை விட்டு உள்ளே திரும்பினால் இறப்பர் மரங்கள், நடுவே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் லயங்களுக்குப் பக்கத்தில் பழைய காலத்து நீள மண்டபத்திலேயே நடக்கும் தமிழ்ப் பாடசாலைகளைப் பார்க்கலாம். ஒரு மூலையில் இரண்டாம் தரம் வாய்ப்பாடு சொல்லும். மறு மூலையில் நான்காம் தரம் கொப்பியில் எழுதும். இடையில் சுவர் கிடையாது. ஓர் அலுமாரியோ கரும்பலகையோதான் எல்லை. மழை பிடித்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் இரண்டு வகுப்பும் ஓய்ந்துவிடும். இரத்தினபுரி மாவட்டத்தில் மழை பிடிக்காத மாதம் ஏது?

இப்படிப்பட்ட வகுப்புக்கு என்ன சாதனம் வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டால், உதவி செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்மார்ட் போர்டைத்தான் சொல்கிறார்கள். ரிப்பன் வெட்டவும் போட்டோ எடுக்கவும் தோதான பொருள் அது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கரும்பலகைதான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே பாடத்தை, ஒரே வேகத்தில் கேட்கும் வகுப்புக்காகச் செய்தது. ஒரே டீச்சர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் பார்க்கும் மண்டபத்தில் அது ஒரு தரத்துக்குப் பாடம் நடத்தும். மற்றத் தரத்துக்கு வேடிக்கை காட்டும்.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு பதில் கிடைத்தது. அதன் வேர் ஆந்திராவில், மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில். ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக அங்கே உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துவிட்டு, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கினார்கள். சில வருடங்களில் அது மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

அன்றைய செயல்வழிக் கற்றல் வகுப்பறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மேசை, வாங்கு இல்லை; பாயில் வட்டம் வட்டமாகப் பிள்ளைகள். ஓரத்தில் தட்டுத் தட்டாக அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னப் படமும் எண்ணும். சுவரில் ஓர் ஏணிப் படம்: தான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று பிள்ளையே விரல் வைத்துப் பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்து வரும். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதில் ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கும். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரும். ஆசிரியர் பாயில் உட்கார்ந்து, தடுமாறுகிற நாலு பேரோடு மட்டும் இருப்பார்.

இதில் மின்சாரம் கேட்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் இதைத் தொழில்நுட்பம் என்றே சொல்ல வேண்டும். பல தரம் ஒரே அறையில் என்ற உண்மையை முதலில் ஒப்புக்கொண்டு, அதற்காகவே செய்த சாதனம் அது. 2022இல் தமிழ்நாடு ‘எண்ணும் எழுத்தும்’ என்று வேறு திட்டத்துக்கு மாறியபோதும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கும் யோசனை தொடர்ந்தது.

கணினி வந்தால் கதை மாறிவிடுமா? பெரு நாட்டில் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 கிராமப் பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது: கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. மடிக்கணினி வந்தது, கற்பிக்கும் முறை மாறவில்லை. டில்லியில் நடந்தது வேறு. பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகள் போகும் நிலையங்களில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிப் பயிற்சி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அந்த மென்பொருள் வகுப்பின் பாடத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து கணக்குக் கொடுத்தது. நாலரை மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது. பெருவிலும் டில்லியிலும் கணினிதான். ஆனால் டில்லிக் கணினி செய்தது நம் அட்டை ஏணியின் வேலையை.

சாதனம் இடத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற இந்தப் பாடம் இலங்கைக்குக் கொரோனா காலத்தில் வேறு விதமாக வந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. வட்ஸ்அப்பும் சூமும் வகுப்பாகின. அந்தக் காலத்தில் நாட்டில் ஐந்து வீட்டுக்கு ஒன்றில்தான் கணினி இருந்தது. தோட்டங்களில் அதைவிட மிகக் குறைவு. போன் ஒன்றுதான், அதுவும் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவின் சட்டைப் பையில். ஊவாவில் லுணுகலைப் பக்கம் சிக்னலுக்காகக் காட்டுக்குள் மரத்தில் கட்டிய பரணில் ஏறிப் படித்த பிள்ளைகளின் படங்கள் 2021இல் உலகம் சுற்றின. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஸ்மார்ட் போர்ட் இருந்த வகுப்பிலும் அன்று வெண்கட்டிதான்.

அதற்காக ஸ்மார்ட் போர்டை வேண்டாத பொருளாக்க வேண்டியதில்லை. தமிழ் மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு தோட்டப்புறத்தின் தீராத நோய். பத்தாம், பதினோராம் தரத்தில், எல்லாரும் ஒரே பாடம் படிக்கும் வகுப்பில், வேறு ஊரிலுள்ள ஆசிரியர் திரைவழியே பாடம் எடுக்க அது உதவும். வட்டத்தின் தொடலியைக் கரும்பலகையில் அழித்தழித்து வரைவதைவிட, ‘ஜியோஜீப்ரா’வில் புள்ளியை இழுத்து நகர்த்திக் காட்டினால் கேத்திர கணிதம் விளங்கும். அது பெரிய வகுப்புக்குப் பொருத்தம். பாயில் உட்காரும் வகுப்புக்கு வேறு தேவை.

பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை. வீட்டில் ‘அம்மாயி’ என்று கூப்பிடும் பிள்ளை புத்தகத்தில் ‘பாட்டி’ என்று படிக்கிறது. டவுனில் கடைக்குப் போனால் சிங்களத்தில் பேசுகிறது. வாசிக்கத் தடுமாறும் அந்தப் பிள்ளைக்குத் திரையில் ஓடும் கார்ட்டூனைவிட, டீச்சரின் குரலில் பதிந்த பாடம் பயன்படும். பார்வை குறைந்த பிள்ளை கரும்பலகையைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்வையே இல்லாத பிள்ளைக்கு ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பு மென்பொருள் காசில்லாமல் தமிழில் வாசித்துக் காட்டும். காது மந்தமான பிள்ளைக்கோ இந்த ஒலிப்பதிவுகள் எதுவும் உதவாது. முகமும் உதடும் தெரிய முன்வரிசையில் இடம் வேண்டும்.

ஒரு மண்டபப் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்டின் காசில் வேறென்ன வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் பட்டியல் சாதாரணமாக இருக்கும். பாய்கள், தாழ்வான பலகை, அட்டைகள், பாடங்களை முன்கூட்டியே ஏற்றிய நாலைந்து டெப். இணையம் வேண்டியதில்லை. ‘கொலிப்ரி’ போன்ற மென்பொருளில் பாடங்களை ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலே ஓடும். ஒரு மூலையில் நாலு பிள்ளைகள் டெப்பில் கணக்குச் செய்யும்போது, டீச்சர் மற்ற மூலையில் இரண்டாம் தரத்தோடு உட்காரலாம்.

ஆளுக்கொரு ஹெட்போனையும் மறக்கக் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இருட்டிக்கொண்டு வரும்; இடி முழங்கும் முன் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு கூரையில் மழை எவ்வளவு கொட்டினாலும், ஹெட்போனுக்குள் பாடம் கேட்கும்.