பரணில் ஏறிய போர்டு

மாயவரத்துக்காரர் யாரிடமாவது செஸ் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குள் "ஆனந்த் நம்ம ஊர்ல பொறந்தவர் சார்" என்பார். 1969 டிசம்பர் 11-ல் இங்கே பிறந்தார், உண்மைதான். வளர்ந்ததும் படித்ததும் சென்னையில். ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அந்த ஊரில், ஒரு மருந்துக்கடை மாடியில், 18 வருஷமாகச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சுருட்டி வைக்கிற போர்டு 12, கிளாக் 7. அதில் இரண்டு கிளாக் தட்டினால்தான் ஓடும். சனி, ஞாயிறுகளில் 30 பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்துவிட்டால் விளையாட்டைத் தொழிலாக எடுத்துக்கொள்ள ஊரே துணிந்துவிடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. என் வீட்டிலேயே நடக்கவில்லை.

1987-ல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் ஆனந்த் உலக ஜூனியர் பட்டம் வாங்கினார். எனக்கு அப்போது 11 வயது. பேப்பரில் வந்த படத்தை அப்பாவே கத்தரித்து என் கணக்கு நோட்டு அட்டையில் ஒட்டினார். அடுத்த வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு போர்டும் வாங்கிவந்தார். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார்தான் யானை, குதிரை, சிப்பாய் என்று தமிழில் பெயர் சொல்லி எனக்கு நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். மறுவருஷம் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை செஸ்தான். 1990-ல் தஞ்சாவூரில் நடந்த மாவட்டப் போட்டியில் நான் நான்காவதாக வந்தேன். பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா. அம்மா அதில் ரொம்ப நாள் கடுகு போட்டு வைத்திருந்தாள்.

1991-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பொங்கல் முடிந்த மறுநாள் போர்டு பரணில் ஏறியது.

"ஆனந்தோட அப்பா மட்டும் விட்டாரேப்பா?"

"அவர் ரயில்வேல பெரிய ஆபீசர்டா. புள்ள தோத்துட்டு வந்தாலும் அந்த வீட்ல அடுப்பு எரியும். நம்ம வீட்ல?" கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் புள்ளையே லயோலாவுல பி.காம். படிச்சிருக்கு, தெரியுமா?" என்றார்.

இந்த இரண்டாவது அடிக்கு என்னிடம் பதில் இல்லை. படத்தைக் கத்தரித்து ஒட்டிய அதே கைதான் போர்டையும் மேலே ஏற்றியது. இதில் முரண் ஒன்றும் இல்லை என்று புரிய எனக்கு 20 வருஷம் ஆயிற்று. அப்பாவுக்கு ஆனந்த் ஓர் அவதாரம். அவதாரத்தைக் கும்பிடலாம். நம் வீட்டில் ஒன்று பிறக்கும் என்று நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது.

அப்பா கணக்குப் போட்டதில் தப்பும் இல்லை. மானுவேல் ஆரோன் 1961-லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆகிவிட்டார். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப் அவர் முயற்சியில் உருவானது. சிறுவன் ஆனந்த் போய் விளையாடிய இடம் அது. ஆரோனுக்கும் ஆனந்தின் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கும் நடுவே 27 வருஷம். ஆனந்துக்குப் பிறகு அடுத்த கிராண்ட்மாஸ்டராக திப்யேந்து பருவா வந்தது 1991-ல், மூன்றாமவர் பிரவீண் திப்ஸே 1997-ல். பத்து வருஷத்துக்கு மூன்று பேர். இந்த லட்சணத்தில் எந்தக் குமாஸ்தா தன் பிள்ளையைப் பணயம் வைப்பார்? ஆனந்தே பெரிய போட்டிகளெல்லாம் ஐரோப்பாவில் நடந்ததால் ஸ்பெயினில் வீடு எடுத்துப் பல வருஷம் இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஆனந்த் வேறொன்றைச் செய்தார். செஸ்ஸுக்கு ஒரு மரியாதையைக் கொண்டுவந்தார். தமிழ் வீடுகளில் விளையாட்டு என்றால் வெயிலில் கறுப்பது, முட்டியைப் பேர்ப்பது, மார்க்கைத் தொலைப்பது. பந்து உதைத்துவிட்டு வருகிற பையனுக்கு முதுகில் விழும். அதே வீட்டில் செஸ் ஆடுகிற பையனுக்கு ஒரு டம்ளர் பூஸ்ட் வரும். கண்ணாடி போட்டு, அமைதியாகப் பேசி, நன்றாகப் படித்த ஒருவர் உலகத்தை ஜெயித்தார். கம்ப்யூட்டர் பயிற்சி நிறுவனமான என்.ஐ.ஐ.டி.யின் விளம்பர முகமாகவும் ஆனார். ஆகவே செஸ் படிப்பின் தங்கச்சி ஆகிவிட்டது. ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருது முதன்முதலில் போனது கிரிக்கெட்காரருக்கு இல்லை, ஆனந்துக்கு. இப்படி வந்த மரியாதையால் கால்பந்துக்கோ கபடிக்கோ காலணா பிரயோஜனம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் வகுப்பு ஆரம்பித்தபோது பெற்றோர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "கான்சன்ட்ரேஷன் வருமா சார்? கணக்குல மார்க் ஏறுமா?" 2000-ல் தெஹ்ரானில் உலக சாம்பியன் ஆகி, 2007-ல் மெக்சிகோ சிட்டியில் மறுபடி பட்டம் வாங்கிய மனிதரின் சொந்த ஊரில், அவருடைய ஆட்டம் கணக்கு டியூஷனுக்கு டானிக்காக விற்றது. நானும் விற்றேன். வாடகை கட்ட வேண்டுமே.

இது எப்போது மாறியது என்று கேட்டால் நான் ஆனந்தைச் சொல்ல மாட்டேன், அவருக்கு இரண்டு படி கீழே நிற்கிறவர்களைச் சொல்வேன். ஆர்.பி. ரமேஷை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் கிராண்ட்மாஸ்டர். இந்தியன் ஆயிலில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மனைவி ஆர்த்தியோடு சேர்ந்து 2008-ல் செஸ் குருகுல் தொடங்கினார். அதுவரை செஸ்காரனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் எண்ணெய்க் கம்பெனியிலோ ரயில்வேயிலோ ஒரு விளையாட்டுக் கோட்டா வேலை. அதை ஒருவர் விட்டார், விட்டும் பட்டினி கிடக்கவில்லை என்ற சேதி ஊர்களுக்குக் கசிந்தது. உலகப் பட்டம் செய்யாததை இது செய்தது. ஆடி ஜெயிக்காவிட்டாலும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்ற நடுப்படி ஒன்று ஏணியில் வந்தது. நான் நிற்பதும் அந்தப் படியில்தான், என்ன, கொஞ்சம் கீழே.

அப்புறம் பிரக்ஞானந்தா வீடு. அப்பா ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கி ஊழியர், போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். மகள் வைஷாலி டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று செஸ்ஸில் சேர்த்தார்கள். தம்பி பார்த்துக் கற்றுக்கொண்டான். இன்று இரண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர்கள். உலகில் அக்கா, தம்பி இருவரும் அந்தப் பட்டம் வாங்கியது அதுவே முதல்முறை. 2023-ல் பாகு நகரில் உலகக் கோப்பை நடந்தபோது, பேட்டி கொடுக்கிற மகனை ஓரமாக நின்று பார்க்கிற நாகலட்சுமியின் படம் எல்லார் போனிலும் வந்தது. புடவை, நெற்றியில் விபூதி, முகம் கொள்ளாத சிரிப்பு. போகிற நாட்டிலெல்லாம் பிள்ளைக்குச் சோறும் ரசமும் வைக்கக் குக்கர் தூக்கிக்கொண்டு போகிறவர்.

அந்த வாரம் என் வகுப்புக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் பேசியது முழுக்க நாகலட்சுமியைப் பற்றித்தான். "எங்க சித்தி மாதிரியே இருக்காங்க சார்" என்றார் ஒருவர். ஆனந்தைப் பார்த்து யாரும் எங்க சித்தப்பா மாதிரி என்று சொன்னதில்லை. துணிச்சல் அந்த "மாதிரி"யில்தான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

ஆனந்த் மேலே போட்ட விதை எப்படிக் கீழே இறங்கியது என்பதற்கு குகேஷ் ஓர் உதாரணம். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். போட்டியை ஊருக்குக் கொண்டுவரத் தமிழக அரசு 29 கோடி ரூபாய் கொடுத்திருந்தது. தோற்ற போட்டிக்கு இவ்வளவு செலவா என்று அப்போது புலம்பியவர்களில் நானும் ஒருவன். அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் 7 வயது குகேஷும் இருந்தான். பிறகு நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளிப் படிப்பு நின்றது. காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு ஊர் ஊராகப் போனார். நுண்ணுயிரியல் படித்த அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. 2024 டிசம்பர் 12-ல், 18 வயதில், சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன். ஆனந்த் அந்தப் பட்டத்தை முதலில் தொட்டபோது வயது 31.

மறுநாள் காலை எனக்கு 14 போன். "கான்சன்ட்ரேஷன்" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "ஸ்கூலை எப்ப நிறுத்தணும் சார்?" என்று ஓர் அப்பா கேட்டார். பையனுக்கு 6 வயது. குதிரை எப்படித் தாவும் என்று அதற்கு முந்தின வாரம்தான் கற்றிருந்தான்.

என் அப்பா காலத்தில் பயம் அதிகம், இப்போது அவசரம் அதிகம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உச்சியை மட்டும் பார்ப்பது. அப்படி வருகிறவர்களிடம் நான் குகேஷைப் பற்றிப் பேசுவதில்லை, ஷியாம் நிகிலைப் பற்றிப் பேசுவேன். நாகர்கோவில்காரர். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங் வேண்டும், பெரிய போட்டிகளில் மூன்று நார்ம் எடுக்க வேண்டும். 2012-லேயே ரேட்டிங்கும் இரண்டு நார்மும் கைக்கு வந்துவிட்டன. மூன்றாவது நார்ம் வந்தது 2024-ல், துபாயில். 12 வருஷம்! இந்தியாவின் 85-வது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது 30 வயதைத் தாண்டியிருந்தார். இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் வாடும். மீதிப் பேர் அடுத்த சனிக்கிழமையும் வருவார்கள்.

வராதவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு ரேட்டிங் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு, ரெண்டாயிரம். கூடப் போகிறவருக்கு லாட்ஜ், சாப்பாடு, நாலு நாள் சம்பளம் பிடித்தம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. 2024-ல் சென்னை ஐ.ஐ.டி.யே விளையாட்டு வீரர்களுக்கென்று இடம் ஒதுக்கியது. விவரம் தெரிந்த பெற்றோர் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். ஆட்டம் சீட்டாக மாறி, சீட்டு மறுபடி படிப்பாக மாறிவிடுகிறது. இதைக் கேட்டால் அப்பா சிரிப்பார்.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், வயது 14. அம்மா தையல் வேலை செய்கிறார். ரேட்டிங் 1500-ஐத் தாண்டிவிட்டாள். எண்ட்கேமில் என்னைவிடப் பொறுமைசாலி. போன மாதம் ஒரு யானை முடிவாட்டத்தில் என்னையே 70 நகர்த்தல் இழுத்தடித்துத் தோற்கடித்தாள். பொங்கல் கழித்து அவள் அம்மா மாடி ஏறிவந்தார். "இந்த வருஷம் பத்தாவது சார். என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

வாயில் எத்தனையோ பெயர்கள் வந்தன. நான் சொன்னது, "பரீட்சை முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்." சொல்லி முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று காதில் விழுந்தது.

அவள் ஒன்றும் பேசவில்லை. கீழே இறங்கப் போனவள் திரும்பிவந்து, "போர்டை நான் எடுத்துட்டுப் போகட்டுமா சார்?" என்றாள். காய்ப் பையோடு சேர்த்துக் கொடுத்தேன். வகுப்பில் இப்போது 11 போர்டுதான். நானும் கேட்கவில்லை, அவளும் கொண்டுவரவில்லை.